மஞ்சள் அட்டை, கறுப்புக் கையுறை: ஜாலோ என்றால் என்ன?

ரோம் நகரில் ஓர் இரவு. தனியாக நடந்து வரும் ஓர் அமெரிக்க எழுத்தாளன் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கலைக்கூடத்தைப் பார்க்கிறான். முகப்பு முழுவதும் கண்ணாடி, உள்ளே வெள்ளை வெளேரென்று விளக்கு. மாடிப்படி அருகே ஒரு பெண்ணும் கறுப்பு உடை அணிந்த ஓர் உருவமும் ஒரு கத்திக்காகப் போராடுகிறார்கள். அவன் ஓடுகிறான். வெளிக்கதவைத் தாண்டிவிட்டான், ஆனால் உள்கதவு திறக்கவில்லை. பின்னால் வெளிக்கதவும் மூடிக்கொள்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அவன் அடைபட்டு நிற்க, உள்ளே அந்தப் பெண் ரத்தம் ஒழுகத் தரையில் தவழ்ந்து அவனை நோக்கிக் கை நீட்டுகிறாள். அவனால் பார்க்க மட்டும்தான் முடிகிறது.

அவள் பிழைத்துக்கொள்கிறாள். போலீஸார் அவனது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவனோ அந்தச் சில நிமிடங்களை மனத்துக்குள் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறான். கண்ணெதிரே நடந்தது அத்தனையும் நினைவிருக்கிறது. ஆனாலும் அதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

டாரியோ அர்ஜென்டோ 1970ல் வெளிவந்த தன் முதல் படத்தை இப்படித் தொடங்கினார். ‘லுச்செல்லோ தல்லே பியூமே தி கிரிஸ்தால்லோ’, அதாவது ‘பளிங்குச் சிறகுப் பறவை’ என்பது அதன் பெயர். ‘ஜாலோ’ என்ற இத்தாலியத் திரைப்பட வகையை ஒருவருக்கு ஒரே காட்சியில் விளக்கச் சொன்னால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். கொலைகாரன், கத்தி, ரத்தம், துப்பறிதல் என்று ஜாலோவுக்கு அடையாளங்கள் பல உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது கண். தன் கண்ணால் கண்டதைப் புரிந்துகொள்ளத் தவறிய ஒரு சாட்சியின் தவிப்புதான் இந்த வகையின் உயிர் என்பது என் எண்ணம்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். இத்தாலிய மொழியில் ‘ஜாலோ’ என்றால் மஞ்சள். மிலான் நகரத்து மொந்ததோரி பதிப்பகம் 1929ல் துப்பறியும் நாவல்களுக்கென்று ஒரு வரிசை தொடங்கியது. ஆங்கிலத்தில் வந்த மர்ம நாவல்களின் மொழிபெயர்ப்புகளே அதில் பெரும்பாலும் வெளிவந்தன. அட்டைகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். கடைக்குப் போய் ‘ஒரு மஞ்சள் கொடுங்கள்’ என்று கேட்கும் பழக்கம் வளர்ந்து, கடைசியில் ஒரு பதிப்பகத்தின் அட்டை நிறமே ஓர் இலக்கிய வகையின் பெயராகிவிட்டது. முசோலினியின் ஆட்சி 1941ல் இந்த வரிசையை நிறுத்த வைத்தது. போர் முடிந்ததும் அது மறுபடி வந்தது. பெயர் மட்டும் இடையில் சாகவில்லை. இன்றும் இத்தாலியச் செய்தித்தாள்கள், துப்புத் துலங்காத உண்மையான கொலை வழக்கைக்கூட ‘ஜாலோ’ என்றே எழுதுகின்றன.

தமிழில் ‘மஞ்சள் பத்திரிகை’ என்றதும் நினைவுக்கு வரும் பொருளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். இத்தாலியர்களுக்கு எந்தத் துப்பறியும் கதையும் ஜாலோதான். லண்டனில் நடக்கும் பழைய பாணி மர்மக் கதையும் அவர்களுக்கு அப்படியே. இத்தாலிக்கு வெளியே இருக்கும் திரைப்பட ரசிகர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால், 1960களிலும் 70களிலும் அங்கே உருவான ஒரு குறிப்பிட்ட பாணிப் படங்களையே குறிப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பொருளில்தான் பேசுகிறது.

திரையில் இதற்கு அடித்தளம் இட்டவர் மாரியோ பாவா. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். அவருடைய 1963ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தில், விமானத்தில் மர்ம நாவல் படித்துக்கொண்டே ரோமுக்கு வரும் ஓர் அமெரிக்கப் பெண், ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தில் நள்ளிரவில் ஒரு கொலையைப் பார்க்கிறாள். யாரும் அவளை நம்புவதில்லை. வெளியூர் ஆள், தற்செயலாகப் பார்த்த கொலை, நம்பாத போலீஸ் என்று பின்னால் வரப்போகும் பல படங்களின் எலும்புக்கூடு அதிலேயே தயாராகிவிட்டது.

அடுத்த ஆண்டே பாவா அதற்குச் சதையும் நிறமும் கொடுத்தார். ‘சேய் தோன்னே பேர் லஸ்ஸாஸ்ஸீனோ’, அதாவது ‘கொலையாளிக்கு ஆறு பெண்கள்’ என்ற படம் ஓர் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் நடக்கிறது. தொப்பி, நீண்ட மழைக்கோட்டு, கறுப்புக் கையுறை, முகத்தின் மேல் கண்ணோ வாயோ தெரியாத வெள்ளைத் துணி முகமூடி என்று கொலையாளி இந்தப் படத்தில்தான் தன் நிரந்தர உடையை அணிந்துகொண்டான். பாவா பச்சையையும் ஊதாவையும் சிவப்பையும் சுவரில் வாரி இறைத்திருக்கிறார். இருளில் வரிசையாக நிற்கும் துணிக்கடைப் பொம்மைகளுக்கு நடுவே எது பொம்மை, எது ஆள் என்று நம் கண்ணே திணறும். கையில் இருந்த பணமோ மிகக் குறைவு. கேமராவை நகர்த்தக் குழந்தைகள் இழுத்து விளையாடும் சிறு வண்டியை அவர் பயன்படுத்தினார். படத்தைப் பார்க்கும்போது இதை நம்பவே முடியாது. அத்தனை வழுவழுப்பாகக் கேமரா மிதந்து போகிறது.

அந்தப் படத்தின் காவல் ஆய்வாளரைக் கவனியுங்கள். சந்தேகத்துக்குரிய ஆண்கள் எல்லாரையும் ஒரே இரவில் பிடித்து அடைத்துவிடுகிறார். அதே இரவில் இன்னொரு கொலை விழுகிறது. ஜாலோவில் போலீஸின் நிலை பெரும்பாலும் இதுதான். அதனால் துப்பறிகிற வேலை எழுத்தாளன், இசைக்கலைஞன், பத்திரிகையாளன், சுற்றுலாப் பயணி என்று அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் தலையில் வந்து விழுகிறது. அவர்களுக்குப் பயிற்சி இல்லை, துப்பாக்கி இல்லை. தாங்கள் பார்த்த காட்சி ஒன்றுதான் அவர்களுடைய மூலதனம்.

பாவாவின் அந்தப் படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. கதவை உடைத்தது 1970ல் வந்த அர்ஜென்டோவின் படம்தான். ரோமில் பிறந்து செய்தித்தாளில் திரைப்பட விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் இத்தாலியத் தயாரிப்பாளர்கள் ஜாலோக்களை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். பல்லி, வாத்து, பூனை, ஈ என்று தலைப்புகளில் விலங்குகள் குவிந்ததும் அந்தப் பறவையின் வெற்றியைப் பார்த்துத்தான். அவற்றில் சலிப்பூட்டுபவை நிறைய. ஆனால் லூச்சியோ ஃபுல்ச்சி, செர்ஜியோ மார்த்தீனோ போன்றவர்கள் எடுத்தவற்றில் இன்றும் கண்ணை எடுக்க முடியாதவை உண்டு.

கண்தான் ஜாலோவின் உயிர் என்றேன். அர்ஜென்டோவின் அடுத்தடுத்த படங்களைப் பார்த்தால் அவர் இந்த ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு பக்கத்திலிருந்து தொட்டது தெரியும். இரண்டாவது படத்தில் (1971) முக்கியச் சாட்சி பார்வையற்றவர். குறுக்கெழுத்துப் புதிர்கள் தயாரித்து வாழும் முன்னாள் பத்திரிகையாளர். இரவில் ஒரு காரின் அருகே நடந்து போகும்போது உள்ளே நடக்கும் பேச்சு அவர் காதில் விழுகிறது. கண் தெரிந்தவர்கள் தவறவிட்டதை அவர் காது பிடித்துவிடுகிறது.

அதே ஆண்டில் வந்த மூன்றாவது படத்தில், இறந்துபோன ஒருவரின் விழித்திரையில் கடைசியாகப் பதிந்த உருவத்தைப் போலீஸார் லேசர் கருவியால் படம் பிடிக்கிறார்கள். இது கற்பனைதான், ஆனால் வேரில்லாத கற்பனை அல்ல. ஒளி பட்டால் வெளிறும் ஒரு நிறப்பொருள் விழித்திரையில் இருப்பதை 1876ல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டார்; கண்டது ரோம் நகரில். அதைப் பின்பற்றி ஹைடெல்பெர்கில் வில்லெல்ம் கூஹ்னே, முயல் ஒன்றைச் சன்னலைப் பார்க்க வைத்துக் கொன்று, அதன் விழித்திரையில் சன்னலின் உருவம் மங்கலாகப் பதிந்திருந்ததைக் காட்டினார். கொலை செய்யப்பட்டவரின் கண்ணிலேயே கொலைகாரன் முகம் இருக்கும் என்று அந்த நூற்றாண்டில் பலர் உண்மையாகவே நம்பியதற்கு இப்படிப்பட்ட சோதனைகளும் ஒரு தூண்டுதல். அறிவியல் கைவிட்ட அந்த ஆசையை அர்ஜென்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது ‘புரோஃபோந்தோ ரோஸ்ஸோ’, அதாவது ‘ஆழ்ந்த சிவப்பு’ (1975). இந்த வகையின் சிகரம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலேய நடிகர் டேவிட் ஹெம்மிங்ஸ் இதில் ஒரு பியானோ கலைஞர், பெயர் மார்க்கஸ். நள்ளிரவுச் சதுக்கத்தில் நண்பனோடு பேசிக்கொண்டு நிற்கும்போது மேல்மாடிச் சன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்க்கிறார். மேலே ஓடுகிறார். அந்த வீட்டின் நடைக்கூடச் சுவர்களில் விசித்திரமான முகங்கள் வரையப்பட்ட ஓவியங்கள் தொங்குகின்றன. அவற்றைக் கடந்து அவர் ஓடும் காட்சி சில விநாடிகள்தான். பிறகு போலீஸ் வந்து நிற்கும்போது, அங்கே பார்த்த ஓர் ஓவியம் காணாமல் போயிருக்கிறது என்று அவருக்கு உறுத்துகிறது. எந்த ஓவியம் என்று சொல்லத் தெரியவில்லை. மிச்சப் படம் முழுக்க அதைத்தான் அவர் தேடுகிறார்.

அந்த நடைக்கூடத்தில் அவர் பார்த்தது எதுவோ அதை நாமும் அதே கணத்தில் பார்த்துவிட்டோம். மறைப்பு எதுவும் இல்லை. விடை நேராகத் திரையில் இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் படமொன்றில், தான் எடுத்த புகைப்படத்தில் ஒரு கொலை பதிந்துவிட்டதாக நம்பும் புகைப்படக்காரராக நடித்தவர் ஹெம்மிங்ஸ். அவரையே இங்கே கொண்டுவந்து நிறுத்தியதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

‘ஆழ்ந்த சிவப்பு’ ரோமில் நடப்பதாகக் கதை சொன்னாலும் அதன் பெரும்பகுதி டூரின் நகரில் எடுக்கப்பட்டது. கொலை நடக்கும் சதுக்கத்தில் இரண்டு பெரிய நீரூற்றுச் சிலைகள் இருக்கின்றன; டூரினில் ஓடும் போ, தோரா ஆறுகளின் உருவங்கள் அவை. அதன் ஓரத்தில் ஒளிரும் மதுக்கடை ஓர் அரங்க அமைப்பு. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942ல் தீட்டிய இரவு உணவகக் காட்சியை அப்படியே மாதிரியாக வைத்துக் கட்டியது. கடைக்குள் இருப்பவர்கள் அசையாமல் ஓவியம்போல் உறைந்திருப்பார்கள். கலைக்கூடம், நடைக்கூட ஓவியங்கள், சாலையோரக் கடை என்று அர்ஜென்டோவிடம் கொலை எப்போதும் கலைக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

ஜாலோவின் வேறு சில அடையாளங்களையும் சொல்ல வேண்டும். கறுப்புக் கையுறை அணிந்த கைகளை மிக அருகில் காட்டுவார்கள், முகம் தெரியாது. கொலைகாரன் ஆணா பெண்ணா என்பதைக்கூட மறைக்கும் உத்தி அது. அர்ஜென்டோவின் பல படங்களில் அந்தக் கைகள் அவருடைய சொந்தக் கைகளே. கொலைக்கான காரணம் பெரும்பாலும் பணமோ பழிவாங்கலோ மட்டுமாக இருக்காது. குழந்தைப் பருவத்தில் விழுந்த ஒரு மனக்காயம், அதைத் திறந்துவிடும் ஒரு பாட்டு அல்லது படம் என்று மனத்துக்குள் போகும். இவற்றை வெறும் துப்பறியும் படங்கள் என்று சொல்லாமல் உளவியல் திகில் என்று சொல்வது இதனால்தான். ‘ஆழ்ந்த சிவப்பு’ படத்தில் கொலைக்கு முன்னால் ஒலிக்கும் குழந்தைப் பாட்டு, கேட்டவர் மனத்தைவிட்டு எளிதில் போகாது.

இசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அர்ஜென்டோவின் முதல் மூன்று படங்களுக்கு இசை என்னியோ மொர்ரிக்கோனே. தாலாட்டு போன்ற மெட்டு, அதன்மேல் சொற்களே இல்லாத ஒரு பெண் குரல். எட்டா தெல்லோர்சோ என்ற பாடகியின் குரல் அது. காட்சியில் கத்தி, காதில் கொஞ்சல். இந்த முரண்பாடு எந்த அலறலைவிடவும் அதிகமாக உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. பிறகு ‘காப்ளின்’ என்ற இளைஞர் குழு வந்து ராக் இசையை உள்ளே கொண்டுவந்தது.

புதிதாகப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஒரு விஷயம் உதட்டசைவு. பேச்சும் வாயும் பொருந்தாது. அன்றைய இத்தாலியப் படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்வதில்லை. அமெரிக்கர் ஆங்கிலத்திலும் இத்தாலியர் இத்தாலிய மொழியிலும் பேசி நடிப்பார்கள். பிறகு எல்லாருக்கும் குரல் சேர்ப்பார்கள். டப்பிங் படங்களோடு வளர்ந்த நமக்கு இது பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இந்தப் படங்களில் பெண்கள் கொல்லப்படும் விதம் பற்றியும் பேசியாக வேண்டும். கேமரா அழகாக்கித் தரும் அந்தக் கொலைகளைப் பார்க்கும்போது பல இடங்களில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. ஆண் சாகும்போது சட்டென்று முடியும் காட்சி, பெண் சாகும்போது நீண்டுகொண்டே போகிறது. உடையும் அதற்கேற்பக் குறைகிறது. காலத்தின் வழக்கம் என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியாது. இந்த வகையை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சுமந்துதான் நேசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுமையோடுதான் நான் அர்ஜென்டோ 1996ல் வெளியிட்ட ‘லா சிந்த்ரோமே தி ஸ்தாந்தால்’, அதாவது ‘ஸ்தாந்தால் நோய்க்குறி’ என்ற படத்துக்கு வருகிறேன். ஸ்தாந்தால் என்பது பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் புனைபெயர். ஃபுளோரன்ஸ் நகரத்து சாந்தா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்ததையும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நடந்ததையும் அவர் 1817ல் வெளியான பயண நூலில் எழுதியிருக்கிறார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, அதே நகரத்து சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் மனநல மருத்துவர் கிராத்சியெல்லா மகெரீனி, கலைப்படைப்புகளைப் பார்த்து மயங்கியும் குழம்பியும் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளை ஆராய்ந்து, அந்த நிலைக்கு ஸ்தாந்தாலின் பெயரை வைத்தார். 1989ல் அவர் எழுதிய நூல் வந்தது. மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வப் பட்டியல்களில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

படத்தின் நாயகி அன்னா மன்னி ரோம் காவல்துறையைச் சேர்ந்த இளம் துப்பறிவாளர். பெண்களை வன்புணர்ந்து கொல்லும் ஒருவனைத் தேடி ஃபுளோரன்ஸ் வந்து உஃபீத்சி அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறாள். போர்க்கள ஓவியத்திலிருந்து அவளுக்குச் சத்தம் கேட்கிறது. போத்திச்செல்லியின் வீனஸ் அவளைப் பார்க்கிறாள். புரூகெல் வரைந்ததாகச் சொல்லப்படும், கடலில் விழும் கிரேக்கப் புராண இளைஞன் இக்காரஸின் ஓவியத்துக்கு முன்னால் நின்றதும் அவளே அந்தக் கடலுக்குள் விழுகிறாள். ஆழத்தில் ஒரு பெரிய மீன் அவள் முகத்தருகே வருகிறது. அவள் அருங்காட்சியகத் தரையில் மயங்கிக் கிடக்கிறாள். தன் பெயர்கூட நினைவில்லை. அவள் தவறவிட்ட கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து கொடுக்கும் மரியாதையான இளைஞன்தான் அவள் தேடி வந்த ஆள்.

அந்த இக்காரஸ் ஓவியம் உண்மையில் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. விழுகிறவன் ஓவியத்தின் மூலையில் இரண்டு கால்களாக மட்டும் தெரிகிறான். உழுகிறவன் உழுதுகொண்டே இருக்கிறான், கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவன் விழுவதை உலகம் கவனிக்கத் தவறும் ஓவியம் அது. அன்னா விழுந்த இடமும் அதுவே. இப்படி ஒரு தேர்வைச் செய்த இயக்குநரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மற்ற ஜாலோக்களின் சாட்சி குறைவாகப் பார்த்தவன். அன்னாவின் துன்பம் வேறு; அவள் அளவுக்கு மேல் பார்க்கிறாள். ஓவியத்துக்கும் தனக்கும் நடுவே மற்றவர்களுக்கு இருக்கும் கண்ணாடி அவளுக்கு இல்லை. இந்தப் படத்தில் கொலைகாரன் யார் என்பது ரகசியமே அல்ல, தொடக்கத்திலேயே முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். படத்தின் நடுப்பகுதியில் அவன் கதையும் முடிந்துபோகிறது. படம் முடிவதில்லை. தனக்கு நேர்ந்த வன்முறைக்குப் பிறகு அன்னா முடியை வெட்டிக்கொள்கிறாள், தானே ஓவியம் வரைகிறாள், உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொள்கிறாள், பிறகு பொன்னிற விக் அணிந்து வேறொருத்தியாக நடமாடுகிறாள். துப்பறிவாளரின் கண்ணுக்குள் கொலைகாரன் குடியேறிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விதான் இரண்டாம் பாதி. பெண் சாவதை வேடிக்கை பார்த்து வந்த ஒரு திரைப்பட வகை, இங்கேதான் பிழைத்துவந்த பெண்ணின் உள்ளே நின்று பார்க்க முயன்றது. அன்னாவாக நடித்தவர் இயக்குநரின் மகள் ஆசியா அர்ஜென்டோ. அந்த வன்முறைக் காட்சிகளை ஒரு தந்தை எடுத்திருக்கிறார் என்பது என்னை இன்றும் சங்கடப்படுத்துகிறது. ஆசியாவின் நடிப்போ அந்தச் சங்கடத்தையும் மீறி நிற்கிறது.

துப்பறிவாளரும் கொலைகாரனும் ஒருவருக்குள் ஒருவர் கலப்பது அர்ஜென்டோவை விடவில்லை. 2009ல் ‘ஜாலோ’ என்றே பெயரிட்டு ஒரு படம் வெளியிட்டார். டூரினில் நடக்கும் அந்தக் கதையில் துப்பறிவாளராகவும் கொலைகாரனாகவும் ஒரே நடிகர் ஏட்ரியன் பிராடி. கொலைகாரன் வேடத்துக்குத் தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்ட வேறொரு பெயரில் நடித்தார். எண்ணம் அருமையானது, படம் பலவீனமானது. தொடக்கக்காரர்கள் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

‘பளிங்குச் சிறகுப் பறவை’யிலிருந்து தொடங்குங்கள். அடுத்து பாவாவின் 1964ஆம் ஆண்டுப் படம், நிறங்களுக்காக. பிறகு ‘ஆழ்ந்த சிவப்பு’. அதில் இரண்டு பதிப்புகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இத்தாலியப் பதிப்பையே தேடிப் பாருங்கள். வெளிநாடுகளுக்கு அனுப்பிய பதிப்பில் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். வன்முறையைத் தாங்கும் மனநிலை இருந்தால் மட்டும் ஸ்தாந்தால் படத்துக்குப் போங்கள்.

மார்க்கஸ் அந்த நடைக்கூடத்தில் ஓடும்போது, முதல் தடவை நிறுத்திப் பார்க்காதீர்கள். படம் முழுவதையும் பார்த்து முடித்த பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மெதுவாக ஓட்டுங்கள். அது அங்கேயே இருக்கும்.